தை அமாவாசைக்கு இலையில்லாத காடு

என் பாக்கியத்துக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. அதைக் கேட்டதும் மாரியம்மாள் பேனாவை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள். "தாத்தா, அவங்ககிட்ட போயி அதக் கேக்கலாமா?" என்கிறாள். கேட்டால் என்ன? பதில் வராது, அவ்வளவுதானே. நீ இருந்தபோதும் நான் கேட்டதில் பாதிக்கு உன்னிடமிருந்து பதில் வந்ததில்லை.

மாரியம்மாளை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு தென்காசியிலிருந்து பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவள். ஹோட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, ஊறிப்போன கையோடு உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நம் வீட்டில் எழுத்தும் படிப்பும் உன் வசம் இருந்தது. பஜார் ரோட்டில் எந்தக் கிடங்கில் என்ன சரக்கு என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் மூக்காலேயே சொல்லுவேன். கிடங்கு வாசல் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் முழிப்பேன். இங்கே பிறந்த பிள்ளைகளைக் கேட்டேன். மலையாளத்தில் எழுதித் தருகிறோம் என்றார்கள். உனக்கு மலையாளத்தில் எழுதி என்ன செய்ய? தண்ணீர்க் குழாயடியில் சண்டை பிடிக்க மட்டும்தானே நீ மலையாளம் பேசினாய்.

நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் இதைப் போடுகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். போடட்டும். உன்னைத் தெரிந்தவர்கள் இன்னும் நாலு பேர் மட்டாஞ்சேரியில் இருக்கிறார்கள். தெரியாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இங்கிலாந்துக்குப் போய் வந்தேன், பாக்கியம். நம் சிந்து வீட்டுக்கு. நீ போக வேண்டிய இடத்துக்கு நான் போய் வந்தேன்.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சிந்து எங்களுக்கு ஒரே மகள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குப் பிரசவ நேரம் வந்தபோது பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் பாக்கியத்தின் பெயருக்குத்தான் வந்தது. பெட்டியும் கட்டியாயிற்று. மட்டாஞ்சேரி படகுத்துறையில் மழை ஈரத்தில் நான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டது அந்த வாரத்தில்தான்.

நீ பெட்டியைப் பிரித்ததைக் கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசவ லேகியம், திப்பிலிப் பொடி, பிராட்வே கடைத்தெருவில் வாங்கிய கம்பளிச் சட்டை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாய். ஒரு முணுமுணுப்பு கிடையாது. "அடுத்த பிரசவத்துக்குப் போனாப் போச்சு. பிள்ளை எங்க ஓடிப் போகுது?" என்றாய். கம்பளிச் சட்டையை மட்டும் ஒரு தரம் போட்டுப் பார்த்துவிட்டு, வேர்த்து ஊற்றியதும் கழற்றி மடித்து வைத்தாய். நான் அன்று விழாமல் இருந்திருக்கக் கூடாதா?

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். அது நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நாங்கள் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சிந்துவுக்கு லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து, அவள் வந்து சேர்ந்தபோது உன்னை ஆலுவாயில் ஆற்றில் கரைத்துவிட்டு நான் ஈர வேட்டியோடு வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். அவள் அழவில்லை. கொடியில் கிடந்த உன் சேலையை எடுத்து மடித்தாள். மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள். அதற்குப் பிறகு இங்கிலாந்துக்கே திரும்பிப் போய்விட்டாள்.

போன வருஷம் தை அமாவாசைக்கு அங்கே அவள் வீட்டில் உனக்குப் படையல் போட்டாளாம். சோற்றைக் கொண்டுபோய் ஜன்னல் விளிம்பில் வைத்தாளாம். காக்காய் வரவில்லை. பொழுது சாயும்வரை காத்திருந்தும் வரவில்லை. எலி வரும், எடுத்துவிடு என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியிருக்கிறார். எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறாள். அன்றைக்கு எனக்குப் போன் செய்து ஒரே ஒரு பேச்சுதான் சொன்னாள்.

"அப்பா, அம்மா வரலை."

அந்தப் பேச்சுக்காகத்தான் இந்த வருஷம் தைக்குப் போனேன். இல்லாவிட்டால் இந்த இடுப்பை வைத்துக்கொண்டு விமானத்தில் ஏறுவேனா? உன் கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொண்டேன், மேலே மாப்பிள்ளை கொடுத்தனுப்பிய கோட்டு. உன் சட்டையாவது சீமையைப் பார்க்கட்டும் என்று ஒரு நினைப்பு.

சிந்து இளைத்துவிட்டாள். டூட்டிக்குப் போகிறாள், பிள்ளையைப் பார்க்கிறாள், சிரிக்கக்கூடச் சிரிக்கிறாள். ஆனால் தட்டில் போட்டதைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறாள். மாப்பிள்ளை என்னிடம் மெதுவாகச் சொன்னார், "மாமா, அத்தை போனதிலிருந்து இப்படித்தான்." அவளுக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. கடைசியில் வந்து பார்க்காததால் அம்மா மனம் நொந்து போய்விட்டாள், அதனால்தான் தன் கைச்சோறு வாங்க வரவில்லை என்று. வாயைத் திறந்து சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

அமாவாசை அன்று விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்தாள். பருப்பு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், பரங்கிக்காய்க் கூட்டு, உனக்குப் பிடித்த பருப்பு வடை, கொஞ்சம் பாயசம். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. ஜன்னலில் வைத்தால் மறுபடி வம்பு வரும், ஊருக்கு வெளியே ஒரு காடு இருக்கிறது, அங்கே காக்காய் உண்டு, அங்கே கொண்டுபோய் வைப்போம் என்றாள்.

"கடையில வாழை இலை இருக்குப்பா. ஐஸ் பெட்டியில வச்சிருப்பான். வாங்கிட்டு வரட்டா?"

"காட்டுக்குப் போறோம்ங்கிற. அப்புறம் இலையைக் காசு குடுத்து வாங்கணுமா? காட்டுல இலைக்கா பஞ்சம்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். உன் பார்வைதான் அது, தப்பான பஸ்ஸில் நான் ஏறும்போது ஏறவிட்டு வேடிக்கை பார்ப்பாயே. "சரி வாங்க. நீங்களே பறிச்சுக் குடுங்க" என்றாள்.

காரில் போனோம். மாப்பிள்ளை பிள்ளையோடு வீட்டில் இருந்துவிட்டார். வழியெல்லாம் வயல். பச்சை வயலில் ஆடுகள் நிற்கின்றன, மேய்ப்பவன் ஒருத்தனும் இல்லை. ஒரு மரக் கதவு வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் கயிறு கட்டிய நாயின் படம். படத்தை மட்டும் நான் படித்தேன். மாப்பிள்ளையின் ரப்பர் பூட்ஸை எனக்கு மாட்டிவிட்டாள். உள்ளே கால் ஆடியது.

கதவைத் திறந்து உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தேன், பாக்கியம். ஒரு இலை இல்லை.

இப்படி ஒரு காட்டை எப்படிச் சொல்லுவேன் உனக்கு? கூரையைப் பிரித்துப் போட்ட கிடங்கு மாதிரி. தூண் இருக்கிறது, உத்தரம் இருக்கிறது, கைமரம் இருக்கிறது, மேலே ஓடு மட்டும் இல்லை. நிமிர்ந்தால் வெறும் வானம். அந்த வானமும் கழுவாத பாத்திர நிறத்தில் இருந்தது. நம் பக்கம் காடென்றால் உள்ளே இருட்டாக இருக்கும், ஏதாவது ஒன்று கத்திக்கொண்டே இருக்கும். இங்கே காட்டுக்குள்தான் வெளிச்சம். சத்தமே இல்லை. எங்கள் பூட்ஸ் சேற்றில் புதைந்து எழும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

"அப்பா, எங்கப்பா உங்க இலை? பறிங்க" என்றாள் சிந்து.

"நம்ம ரப்பர் மரங்கூடத்தான் தை மாசம் மொட்டையா நிக்குது. ஆனா ஊரு ஒலகத்து மரம் எல்லாமா பேசி வச்சுக்கிட்டு உதிர்க்கும்?"

"இங்க பேசி வச்சுட்டுத்தான் உதிர்க்கும். ஐப்பசியில போனா சித்திரைக்குத்தான் வரும்."

ரப்பர் மரம் உதிர்த்த சூட்டோடு தளிர்த்துவிடும். இது அத்தனை மாதம் இலையில்லாமல் நிற்குமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடிமரம் ஒருவர் கட்டிப் பிடிக்க முடியாத பருமன், ஒரு பக்கம் மட்டும் பாசி பிடித்து நம் பழைய பண்டகசாலைச் சுவர் மாதிரி பச்சையாக இருந்தது. சின்னக் கிளை ஒன்றை வளைத்து நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே ஈரம் இருந்தது. அப்புறம்தான் மனசு சமாதானமானது.

பச்சை என்று தேடினால் ஒன்றிரண்டு இருந்தது. ஒரு புதர், பளபளவென்று இலை, ஓரமெல்லாம் முள். கையை வைத்தேன், குத்திவிட்டது. மரத்தைச் சுற்றிப் படர்ந்த கொடி ஒன்று. அதைத் தொடாதீர்கள், விஷம் என்றாள். ஒரு மரத்தில் இலை இல்லாமல் பூ மட்டும் தொங்கியது. மஞ்சளாக, நீளமாக, அப்படியே திப்பிலி காய்த்தது போல. பறித்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். வாசம் ஒன்றும் இல்லை. நீ இருந்தால் ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்பியிருப்பாய்.

கீழே குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, இலையெல்லாம் தரையில் கிடக்கிறது. சுக்குக் குவியல்மேல் நடந்தால் கால் பொதபொதவென்று உள்ளே போகுமே, அப்படி. வாசனையும் ஈரச் சாக்கு வாசனை. மேலே அழுகிக் கறுத்தவை, அடியில் கொஞ்சம் நல்லவை. சாணுக்குக் குறையாத நீளத்தில் ஒரு இலை, புகையிலை நிறம், ஓரத்தில் ரம்பப் பல். அதில் கிழியாததாகப் பொறுக்கினேன்.

"என்னப்பா பண்றீங்க?"

"இலை தைக்கப் போறேன்."

"காஞ்ச இலையிலயா அம்மாக்குப் போடறது?"

"மந்தார இலை என்ன பச்சையாவா இருக்குது? தைச்சுக் காயவச்சதுதான. அதுல எத்தனை விருந்து சாப்பிட்டிருக்கா உங்கம்மா."

இலை கிடைத்தது. தைக்க ஈர்க்கு வேண்டுமே. அந்த ஊரில் தென்னைக்கு எங்கே போவேன்? சுள்ளியை உடைத்துக் குத்தினேன், இலை கிழிந்தது. சிந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தொப்பியைக் கழற்றினாள். தலையிலிருந்து ஹேர்பின்களை ஒவ்வொன்றாக உருவி என் கையில் வைத்தாள். முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. அவளுக்குத் தலை வாரிவிட ஒருத்தி இருந்தாள் என்று அப்போது எனக்கு நினைப்பு வந்தது. தைத்தேன்.

விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின்மேல் அந்தத் தையலிலையை விரித்தோம். சிந்து பரிமாறினாள். சாதம், பருப்பு, சாம்பார், பொரியல், கூட்டு, வடை, பாயசம். சூடம் ஏற்றினோம். காற்றில் நிற்கவில்லை, என் கோட்டால் மறைத்துப் பிடித்தேன். விழுந்து கும்பிட்டாள், அந்தச் சேற்றில். எழுந்திருக்க நேரமாயிற்று.

பிறகு நான் கூப்பிட்டேன். நம் வீட்டு மொட்டைமாடியில் நின்று நீ கூப்பிடுவாயே, அப்படி. "கா... கா..."

சத்தம் காடு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. எங்கிருந்தோ புறாக்கள் படபடவென்று எழும்பின. ஒரு காக்காயும் வந்தது, பாக்கியம். உண்மையாகவே வந்தது. நம் காக்காய்க்குக் கழுத்தில் சாம்பல் இருக்கும். இது உடம்பு முழுக்கக் கருப்பு, அண்டங்காக்காய் போல. உச்சியில் ஒரு மொட்டைக் கிளையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. இலை மறைக்காததால் நாங்கள் அதைப் பார்த்தோம், அது எங்களைப் பார்த்தது. கீழே மட்டும் இறங்கவில்லை. அடுத்த கிளைக்குப் போனது. அங்கிருந்து பார்த்தது.

கை விறைத்தது. சாதத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஆவி நின்றுபோனது.

"அம்மாக்கு என்மேல தேஷ்யம்" என்றாள் சிந்து. கோபத்துக்கு அவளுக்கு அந்த மலையாளச் சொல்தான் வரும். "பக்கத்துல வந்துட்டும் எறங்க மாட்டேங்கிறா பாருங்க."

"போடி. அவ இந்த ஊருக்கு வந்திருக்காளா? எடம் புதுசு. நாம யாருன்னு பாத்துட்டுத்தான எறங்கணும்? நான் வேற கோட்டும் தொப்பியுமா நிக்கிறேன். அடையாளம் தெரிய வேணாமா?"

நான் தொப்பியைக் கழற்றினேன். வழுக்கையில் குளிர் இறங்கியது. அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

"கடைசில என்னைக் கேட்டாளாப்பா?"

இத்தனை நாள் கேட்காததை அங்கே நின்று கேட்டாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் உடைந்துபோவாளோ என்று ஒரு பயம். காக்காய் இறங்கட்டும், பிறகு சொல்லலாம் என்று மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பின்னால் சருகு இரைந்தது. திரும்புவதற்குள் ஒரு நாய், கன்றுக்குட்டி அளவு, வயிறெல்லாம் சேறு. வந்த வேகத்தில் மரத்தின்மேல் முன்னங்கால் இரண்டையும் வைத்து நக்க ஆரம்பித்தது. நான் "ஏய்... ச்சூ... போ..." என்று கத்துகிறேன். அதற்குத் தமிழ் தெரியுமா? சாதம் போனது, கூட்டு போனது, வடை ஒரே வாயில். பாயசத்தை இலையோடு வழித்துவிட்டது.

பின்னாலேயே ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஓடி வந்தாள். என் வயசு இருக்கும். கையில் வெறும் கயிறு. கதவருகே பலகையில் அந்தப் படம் போட்டிருந்தது இதற்குத்தானா என்று நினைத்துக்கொண்டேன். "சாரி சாரி சாரி" என்கிறாள். நாயைப் பிடித்து இழுக்கிறாள், அது வாலை ஆட்டுகிறது. சிந்து மரக்கட்டை மாதிரி நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை, முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

அந்த அம்மாள் இலையைப் பார்த்தாள், ஹேர்பின்னைப் பார்த்தாள், அணைந்த சூடத்தைப் பார்த்தாள். என்னவோ கேட்டாள். சிந்து இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னாள். அதில் "மதர்" என்றது மட்டும் எனக்குப் புரிந்தது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். நாய்கூட உட்கார்ந்துவிட்டது.

பிறகு அவள் தோள்பையைத் திறந்து காகிதத்தில் சுற்றிய ரொட்டியை எடுத்தாள். அவளுடைய மத்தியானச் சாப்பாடு. அதை இரண்டு கையாலும் சிந்துவிடம் நீட்டி என்னவோ சொன்னாள்.

"அப்பா, அந்தம்மா சாப்பாட்டை அம்மாக்கு வைக்கலாமான்னு கேக்கறாங்க. அவங்க நாய் தின்னதுக்குப் பதிலா."

"அதுல கறி கிறி இருக்கான்னு கேளு. அமாவாசை."

கேட்டாள். "கறி இல்லப்பா. பாலாடைக்கட்டி. அப்புறம் ஊறுகாய்."

"ஊறுகாய் இருக்கா? அப்பச் சரி. வைக்கச் சொல்லு."

நக்கிய இலையைத் தள்ளிவிட்டு இன்னும் இரண்டு இலையைத் துடைத்துப் போட்டேன். அந்த அம்மாள் ரொட்டியைப் பிட்டு வைத்தாள். எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நான் கையைக் கூப்பினேன், அவளும் கூப்பினாள். நாயை இழுத்துக்கொண்டு மூவரும் தள்ளிப் போய் நின்றோம்.

நாங்கள் திரும்பி நிற்பதற்குள் காக்காய் இறங்கிவிட்டது.

தத்தித் தத்தி வந்தது. ஒரு துண்டைக் கொத்தியது, கீழே போட்டது, மறுபடி கொத்திக் கவ்விக்கொண்டு எழும்பியது. அந்த இலையில்லாத கிளைகளுக்கு நடுவே அது ரொட்டியோடு போவது கடைசிவரை தெரிந்தது. திரும்பவும் வந்தது. இரண்டாவது துண்டையும் எடுத்தது.

"வீட்டுச் சாப்பாட்டை ஏறெடுத்தும் பார்க்கலை" என்றாள் சிந்து. "அந்தம்மா ரொட்டிக்கு எறங்கி வரா பாருங்கப்பா!"

"பின்ன? ஆயுசு முழுக்க அவ பொங்கினதையே அவ தின்னா. ஒரு நாளாச்சும் இன்னொருத்தி கையால உக்காந்து சாப்பிடணும்னு எத்தனை தரம் சொல்லியிருக்கா. இப்பத்தான் வாய்ச்சுது."

சிந்து சிரித்தாள். சிரிப்பு ஆரம்பித்தது போலத்தான் இருந்தது, எங்கே அது அழுகையாக மாறியது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆலுவாயில் அழ வேண்டியதை எல்லாம் அங்கே அழுதாள். அந்த அம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் மூக்கு சிவந்துவிட்டது. நான் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்வது?

அது நீயா, பாக்கியம்? என்னிடம் மட்டும் சொல். அந்தக் காட்டில் நடக்க வருகிறவர்கள் ரொட்டிதான் கொண்டுவருவார்கள், அந்தக் காக்காய்க்கு ரொட்டி பழக்கம், நம் சாம்பார் சாதத்தை அது எதற்குத் தொடப் போகிறது என்று என் புத்தி சொல்கிறது. சிந்துவுக்கும் அது தெரியாமல் இருக்காது, படித்தவள். இருவரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை.

காரிலிருந்து மீதிச் சாப்பாட்டை எடுத்து வந்து, விழுந்த மரத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த அம்மாளின் மத்தியானச் சாப்பாடு போய்விட்டதே, அவளுக்கும் கொடுத்தோம். வடையைக் கடித்ததும் மிளகாய் பட்டு அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. விடவில்லை, இன்னொன்று கேட்டு வாங்கினாள். சித்திரை, வைகாசியில் வந்து பாருங்கள், இந்தத் தரை முழுக்க நீலப் பூ பூக்கும், மேலே புது இலை வரும் என்று சிந்துவிடம் சொல்லிவிட்டு நாயோடு போனாள்.

அவள் போன பிறகுதான் சொன்னேன்.

"கேட்டா, சிந்து. மூச்சு வாங்கிட்டு இருந்தப்ப என் கையைப் பிடிச்சு இழுத்தா. குனிஞ்சேன். சிந்து சாப்பிட்டாளான்னு கேட்டா. அதுதான் கடைசிப் பேச்சு."

சிந்து வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாப்பிட்டான்னேன்."

அவள் மெதுவாக மென்றாள், விழுங்கினாள். பாத்திரத்தில் மிச்சம் இருந்ததையும் தன் பக்கம் இழுத்து, வழித்து, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. சேறும் அழுகையும் அவிழ்ந்த முடியுமாக, மொட்டை மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து உன் மகள் சாப்பிட்டாள், பாக்கியம். அந்த மரத்தில் அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. நான் அந்த இடத்தைப் பார்க்காமல் இருக்க மேலே பார்த்தேன். மறைக்க அங்கே ஒரு இலைகூட இல்லை.

இலை வரும்வரை இருங்கள் என்றுதான் சிந்து சொன்னாள். குளிரில் இடுப்பு பிடித்துக்கொண்டது, கக்கூஸுக்குப் போய் எழ முடியவில்லை. திரும்பிவிட்டேன். அந்தக் காட்டை இலையோடு நான் பார்க்கவில்லை. போன வாரம் போனில் படம் அனுப்பியிருந்தாள். மாரியம்மாள்தான் பெரிதாக்கிக் காட்டினாள். கீழே நீலம், மேலே இளம் பச்சை. நாங்கள் உட்கார்ந்த மரம் எது என்று தேடினேன். இலையில் அது மறைந்துவிட்டது. இரண்டு பேரில் ஒருத்தருக்கு மொட்டைக் காடு வாய்த்தது, இன்னொருத்தருக்கு அதுவும் வாய்க்கவில்லை. நீ அன்றைக்கே அங்கே போயிருந்தால் பூவும் இலையும் இருக்கிற மாதத்தில் போயிருப்பாய். பெட்டியை நீ வைகாசியில்தானே கட்டினாய்.

இதைச் சொல்லும்போது மாரியம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "தாத்தா, கண்ணைத் துடைச்சிட்டு மெதுவாச் சொல்லுங்க, அவசரமில்ல" என்கிறாள். பாவம், அவளுக்கு மறுபடி ஹோட்டலுக்குப் போக வேண்டும். முடித்துவிடுகிறேன்.

நீ இருந்தவரை சிந்துவிடமிருந்து போன் வந்தால், நான் எடுத்து "மழையா அங்க?" என்று கேட்டுவிட்டு, "இந்தா, அம்மாகிட்டப் பேசு" என்று உன்னிடம் கொடுத்துவிடுவேன். அதற்குமேல் எனக்குப் பேசத் தெரியாது. நீ போன பிறகும் மழையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கொடுப்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை, அதனால் சீக்கிரம் வைத்துவிடுவோம்.

இப்போது அப்படி இல்லை. தினமும் அவள் டூட்டி முடிந்து வரும் நேரத்துக்கு நானே கூப்பிடுகிறேன். பட்டனை மாரியம்மாள் அழுத்தித் தருகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். சும்மா ஆமாம் என்றால் விடுவதில்லை, என்ன சாப்பிட்டாய் என்றும் கேட்கிறேன். நேற்று, "அப்பா, நீங்க அம்மாவைவிட மோசம்" என்றாள். சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டிருக்கிறாள். முட்டை ஒன்று தனியாக.

உன் கடைசிக் கேள்விக்கு அன்று நான் தெரியாமல் பதில் சொன்னேன், பாக்கியம். இனித் தெரிந்து சொல்லுவேன். என் மூச்சு இருக்கிற மட்டும் ஒரு நாள் தவறாமல் அவளைக் கேட்டு வந்து உன்னிடம் சொல்லுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன், உன் சிந்துவின் அப்பா,
சொக்கலிங்கம்,
மட்டாஞ்சேரி.